எல்லா போட்டோவுக்கும் ஒரே பேரு

அந்த போனை இப்படிக் குடுங்க அண்ணாச்சி. ஜங்ஷன்ல பஸ் ஏறினதுல இருந்து பாத்துக்கிட்டே வாரேன். நீங்களும் தட்டுதிய, அதுவும் திருப்பித் திருப்பி அனுப்புது. நாளைக்கு வரைக்கும் தட்டினாலும் எடுக்காது. உங்க போட்டோ நாலு எம்பி இருக்கு, அந்த விண்ணப்ப பாரம் கேக்கது அம்பது கேபி. கட்டிலத் தூக்கிட்டு வந்து ஜன்னல் வழியா நுழைக்கப் பாக்கிய. கொண்டாங்க, நான் சின்னதாக்கித் தாரேன். யாருக்கு, பேரனுக்கா? ஸ்காலர்ஷிப்பா? நல்லது, படிக்கட்டும்.

இந்தா பாருங்க, என்ன எழுதியிருக்கு? 'பிழை ஏற்பட்டுள்ளது. மீண்டும் முயற்சிக்கவும்.' என்ன பிழைன்னு சொல்லுதா? சொல்லாது. இந்த பாரத்தை எவன் எழுதினான்னு நினைக்கிய? எங்கிட்ட படிச்சவனாத்தான் இருப்பான். இந்த வாசகம் அப்படியே என் நோட்ஸ்ல நாப்பத்தி மூணாம் பக்கத்துல கெடக்கு. சங்கரன்கோவில்ல பதினாறு வருசமா கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன். என் பேரு கோமதிநாயகம். வெப் பக்கத்துல பாரம் எழுதுதது எப்படி, அந்த பாரம் வழியா போட்டோ வாங்குதது எப்படி, எல்லாம் சொல்லிக் குடுக்கேன். அறுவத்திரெண்டு பக்கம் நோட்ஸ், நானே டைப் அடிச்சது. பதினாறு வருசத்துல ஒரு வரி மாத்தினது கிடையாது. மாத்த வேண்டிய அவசியமும் வரலை. அந்தா, போயிட்டு பாருங்க. பச்சையா டிக் விழுந்துட்டுல்லா. வச்சுக்கிடுங்க.

என்ன கேட்டிய? நான் ஏன் கடுகடுன்னு இருக்கேன்னா? தெரியுதாக்கும். கோவம் அண்ணாச்சி. காலைல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படலை, ஒரு டீயத் தவிர. இப்பம் திருநெல்வேலியில எங்க சமுதாய சங்கத்து ஆபீஸ்ல இருந்துதான் வாரேன். அங்க ஒரு பொண்ணுக்கு வேலை போச்சு. என் மாணவி. திங்கக்கிழமைக்குள்ள நான் ரெண்டு வரி எழுதிக் குடுத்தா அவளுக்கு அந்த வேலை தங்கும், குடுக்கலன்னா இல்லை. செக்ரட்டரி என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுதாரு, 'நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார்'னு. என்ன வார்த்தை? நான் என்னத்தச் சொல்லணும்? தப்புப் பண்ணினது யாரு, எழுதிக் குடுக்கது யாரு?

முதல்ல இருந்து சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

செண்பகவல்லின்னு பேரு. முப்பத்திரெண்டு வயசு இருக்கும். புருசன் செத்து நாலு வருசம் ஆச்சு. அண்ணன் வீட்டுல இருக்கா. அங்க அவ நிலைமை என்னன்னு நமக்குத் தெரியாது, நாம கேக்கவும் கூடாது. ஆனா சாயங்கால கிளாஸ் முடிஞ்சா எல்லாவனும் ஓடுவான், இவ மட்டும் நாற்காலியெல்லாம் அடுக்கி வச்சுட்டு, ஃபேன அணைச்சுட்டு, இன்னும் ஏதாவது வேலை இருக்கான்னு பாப்பா. வீட்டுக்குப் போக மனசு இல்லாதவன்னு பாத்தாலே தெரியும். அப்பம் பகல்ல ஜவுளிக்கடையில பில் போட்டுக்கிட்டு இருந்தா, சாயங்காலம் எங்க சென்டருக்கு வந்து படிச்சா. சங்கத்துல ஒரு கம்ப்யூட்டர் வேலை இருக்கு, வெப் பக்கம் எழுதத் தெரிஞ்சா எடுத்துக்கிடுவோம்னு செக்ரட்டரி சொன்னாராம். அந்த வேலை கிடைச்சா திருநெல்வேலியில தனியா ஒரு ரூம் பாத்துக்கிடுவேன் சார்னு ஒருநாள் சொன்னா. சரி, நல்ல விசயம். நான் சொல்லிக் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?

எங்கிட்ட ஒன்பதாவது பாடம்தான் போட்டோ வாங்குத பாடம். மத்த எட்டு பாடத்தையும் எவன் வேணும்னாலும் நடத்திருவான். இது அப்படி இல்லை. பேரு, ஊரு, வயசு இதெல்லாம் எழுத்து, பாரத்துல போட்ட உடனே வந்துரும். போட்டோ அப்படி வராது. பாரத்தோட தலைப்புலயே, இதுல ஃபைல் வருதுப்பான்னு ஒரு வரி சொல்லணும். சொல்லலன்னா போட்டோவோட பேரு மட்டும் வரும், போட்டோ வராது. வந்ததுக்குப் பொறவும் நேரா நம்ம கைக்கு வராது. பார்சல்காரன் வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போற மாதிரி, கம்ப்யூட்டர் அதை ஒரு தற்காலிக இடத்துல வச்சிருக்கும். நாம உடனே எடுத்து நம்ம ஃபோல்டர்ல வைக்கணும். இல்லன்னா அதுவே தூக்கித் தூரப் போட்டுரும். வைக்கும்போது ஒரு பேரு வைக்கணும். இதுதான் ஒன்பதாவது பாடம். நான் ரெண்டு மணி நேரத்துல முடிச்சிருவேன்.

இவ வந்த பொறவு அந்த ஒரு பாடத்துக்கே நாலு நாள் ஆச்சு. கேள்வி, கேள்வி, கேள்வி. 'சார், போட்டோவுக்குப் பதிலா வேற ஏதாவது அனுப்பினா?' ஏம்மா, போட்டோ அனுப்புன்னு எழுதியிருக்கு, போட்டோதான் அனுப்புவான். 'இல்ல சார், சினிமாப் படத்துக்குக் கூட போட்டோ மாதிரி பேரு வச்சு அனுப்பலாம்லா, உள்ள தொறந்து பாத்து வாங்கணும்லா.' முதல்ல ஓட வைம்மா, பொறவு தொறந்து பாக்கலாம். 'சார், ரொம்பப் பெரிய போட்டோவா இருந்தா, எவ்வளவுதான் வாங்குவோம்னு அவியகிட்ட முன்னாலயே சொல்லணும்லா?' இப்படி. ஒருநாள் அவ பாரத்துல போட்டோ வரவே இல்லை. தலைப்பு வரிய விட்டுட்டியேன்னு சத்தம் போட்டேன். அவ மெதுவாச் சொல்லுதா, 'சார், நோட்ஸ்ல அந்த வரி இல்லை'ன்னு. இருபது பேருக்கு முன்னால. அச்சுல விட்டுப் போயிருக்கும், அதை வந்து காதுல சொல்லலாம்லா. நானும் பதினாறு வருசமா அந்த வரிய வாயால சொல்லித்தான் சமாளிச்சுக்கிட்டு வாரேன், ஒருத்தன் கேட்டது இல்லை.

அன்னைக்கேதான் அந்தக் கேள்வியையும் கேட்டா. 'சார், ரெண்டு பேரு ஒரே பேர்ல போட்டோ அனுப்பினா என்ன ஆகும்?'

என் நோட்ஸ்ல தெளிவா இருக்கு. அனுப்புதவன் அந்த ஃபைலுக்கு என்ன பேரு வச்சிருக்கானோ அதே பேர்லதான் எடுத்து வைக்கணும். அடுத்தவன் புள்ளைக்கு நாம பேரு மாத்தி வைப்பமா? அதத்தான் சொன்னேன். கிளாஸே சிரிச்சுது. அவ சிரிக்கலை. 'இல்ல சார், ரெண்டாவது வந்தது முதல்ல வந்ததை அழிச்சிருது. நான் போட்டுப் பாத்துட்டேன்'னு சொல்லுதா. போட்டுப் பாத்தாளாம். பாடம் நடத்துததுக்கு முன்னாலயே போட்டுப் பாத்துட்டு வந்து நிக்கா. பொறவு சொல்லுதா, 'சங்கத்துல வரன் பாரம் குடுக்கும்போது, போட்டோவுக்குப் பின்னால பாரம் நம்பரைப் பேனாவால எழுதுவாவல்லா சார், கொட்டிப் போனாலும் யாரு போட்டோன்னு தெரியணும்னு. அதே மாதிரி நாமளும் நம்பரையே பேரா வச்சிருவோம்'னு. எனக்கு வந்த கோவம் இருக்கே. பேனா வச்சு நம்பர் எழுதுத காலத்துல இருந்து மேல ஏறி வரத்தான் கம்ப்யூட்டர் படிக்க வந்திருக்கோம். இவ திரும்பவும் என்னைய பேனாகிட்ட கொண்டு போய் விடுதா.

ரெக்கார்டு நோட்டுலயும் அப்படித்தான் எழுதிக் கொண்டு வந்தா. போட்டோவுக்குப் பின்னால எழுதுத மாதிரி ஒரு நம்பர், அதோட வந்த நேரம் வேற. நீளமா வால் மாதிரி. நான் சிவப்பு மையில அடிச்சு, 'தேவையில்லாத வேலை. நீக்கவும்'னு எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன். நோட்ஸ்ல உள்ளபடி எழுதினாத்தான் மார்க்கு. அவளும் நீக்கிட்டு எழுதிக் கொண்டு வந்தா. மார்க்கும் போட்டேன். இதுல என்ன தப்பு இருக்கு? ஒரு ஒழுங்கு வேண்டாமா?

பைய. பைய பேசுவோம். முன்னால, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல, மஞ்சக் கலர் சேலை தெரியுதுல்லா. அவதான். ஆமா, இதே பஸ்லதான் வாரா. திரும்பிப் பாக்காதிய. பாத்தா பாக்கட்டும், எனக்கு என்ன பயமா? இந்த பஸ் போடுத சத்தத்துல ஒண்ணும் கேக்காது.

சரி, கேளுங்க. சங்கத்துல வருசா வருசம் வரன் அறிமுக விழா நடக்கும். பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் மண்டபத்துல கூடுவாவ. நம்பர் சொல்லிக் கூப்பிட்டா மேடையில ஏறி நிக்கணும். இந்த வருசம் காகித பாரம் வேண்டாம், எல்லாம் வெப் பக்கத்துலயே பதியட்டும், மேடையில ஆள் நிக்கும்போது பின்னால பெரிய ஸ்க்ரீன்ல போட்டோவும் விவரமும் வரட்டும்னு முடிவு பண்ணினாவ. செண்பகம் இப்பமே வேலைக்குச் சேந்து எழுதட்டும், சரியா வந்தா வேலை அவளுக்கு நிரந்தரம். கோமதி சார் மேற்பார்வை பாக்கட்டும். அழைப்பிதழ்லயே போட்டிருந்தாவ, தொழில்நுட்ப ஆலோசகர்னு, என் பேரை.

அவ எழுதிக் கொண்டு வந்தா. நான் தொறந்து பாக்கேன், ஃபோல்டர்ல போட்டோ எல்லாம் ஒரே நம்பரா கெடக்கு. திரும்பவும் அந்த வால். 'என்னம்மா இது, செக்ரட்டரி தொறந்து பாத்தா யாரு போட்டோன்னு விளங்குமா, ஜெயில் கைதி மாதிரி நம்பர் போட்டு வச்சிருக்க. எடு அதை'ன்னு சொன்னேன். 'சார்...'னு இழுத்தா. 'நான் ஆலோசகரா, நீ ஆலோசகரா'ன்னு கேட்டேன். எடுத்துட்டா. அவ சொன்னது அவ்வளவு சரின்னா, அவ நின்னு சண்டை போட்டிருக்க வேண்டாமா? சொல்லுங்க. நான் சொன்னேங்கறதுக்காக எடுத்துருவாளா? சொந்த புத்தி எங்க போச்சு? அதான் நான் கேக்கேன்.

இனிமேதான் விசயம். இருநூத்திப் பன்னெண்டு பேரு பதிஞ்சிருக்காவ. நம்ம ஆளுகளுக்கு வீட்டுல இருந்து பதியத் தெரியாது. சங்கத்து ஆபீஸுக்கு எதுத்தாப்ல ஒரு பிரவுசிங் சென்டர். நூத்தி நாப்பத்தேழு பேரு அங்க போய்த்தான் பதிஞ்சிருக்காவ. அந்தக் கடைக்காரன் என்ன செய்யுதான்? வந்தவன் போட்டோவ சின்னதாக்குதான், 'போட்டோ'ன்னு பேரு போட்டு வைக்கான், பாரத்துல ஏத்துதான். அடுத்த ஆளு வந்தா, அவன் போட்டோவயும் சின்னதாக்கி, அதே 'போட்டோ'ங்கிற பேர்ல பழசு மேலயே வைக்கான். அவன் கம்ப்யூட்டர்ல எந்த நேரம் பாத்தாலும் ஒரே ஒரு போட்டோதான் இருக்கும். குப்பை சேராதுல்லா சார்னு எங்கிட்ட பெருமை வேற பேசுதான். நம்ம ஃபோல்டர்லயும் அதேதான் நடந்திருக்கு. ஒருத்தர் மேல ஒருத்தரா விழுந்து, நூத்தி நாப்பத்தேழு பேருக்கும் கடைசியா வந்தவன் மூஞ்சி. யாரும் பாக்கலை. ஏன்னா பொம்பளப் புள்ளைக போட்டோ வெளியே போயிரக் கூடாதுன்னு, விழா அன்னைக்குத்தான் போட்டோ தெரியணும்னு கண்டிசன். அதுவும் செண்பகம் சொன்ன யோசனைதான். அதை மட்டும் நான் ஒத்துக்கிட்டேன். பாத்தியளா, அவ பேச்சைக் கேட்டதுக்கு எனக்குக் கிடைச்ச பலன்.

கடைசியா வந்தவன் யாருன்னா, முப்பிடாதின்னு ஒருத்தன். தேவர்குளத்துல பம்புசெட் மோட்டாருக்கு காயில் கட்டுதவன். நாப்பத்தியொரு வயசு. இத்தனை வருசம் விழாப் பக்கமே வந்தது இல்லையாம். அக்காக்காரி அழுது புடிச்சு, கடைசி நாள் கடைசி நேரத்துல கூட்டிட்டு வந்து பதிய வச்சிருக்கா. ஏன் கடைசி நாள்ல வரணும்? முந்தின நாள் வந்திருந்தா வேற எவன் மூஞ்சியாவது வந்திருக்கும்லா. நேரத்துல ஒரு காரியம் செய்யத் தெரியாத ஆளுக.

போன ஞாயித்துக்கிழமை விழா. மண்டபத்துல அறுநூறு பேரு. லேப்டாப்புல நான் உக்காந்திருக்கேன், பக்கத்துல செண்பகம். ஒண்ணாம் நம்பர், பொண்ணு, எம்.ஏ., பி.எட். மேடையில ஏறி நிக்குது. நான் தட்டுதேன். ஸ்க்ரீன்ல மீசையும் கட்டம் போட்ட சட்டையுமா முப்பிடாதி. ஒரு நிமிசம் யாருக்கும் விளங்கலை. பொறவு சிரிப்பு. சரி, ஒண்ணு தப்பு, அடுத்தது சரியா வரும்னு தட்டுதேன். ரெண்டாம் நம்பர், இதுவும் பொண்ணு. முப்பிடாதி. மூணு, முப்பிடாதி. நாலாவது சரியா வந்துது. அது எவனோ வீட்டுல இருந்து பதிஞ்சவன். பாத்தியா வந்துட்டுன்னு செண்பகத்துகிட்ட சொன்னேன். அஞ்சு, முப்பிடாதி. பின் வரிசையில பயலுக விசில் அடிக்கான். 'முதல்ல அந்த அண்ணாச்சிக்கு முடிச்சு வைங்கப்பா'ன்னு ஒருத்தன் கத்துதான். செண்பகம் எங்கிட்ட, 'சார், நிறுத்துங்க, நிறுத்திருங்க சார்'னு சொல்லுதா. நான் எப்படி நிறுத்த? ஆலோசகர் நான். பாதியில நிறுத்தினா தப்புன்னு ஆயிரும்லா. அடுத்தது சரியா வரும், அடுத்தது சரியா வரும்னு தட்டுதேன். பதினேழு வரைக்கும் தட்டினேன்.

முப்பிடாதி ஏழாவது வரிசையில இருந்திருக்கான், அக்கா கூட. எந்திரிச்சான். வாசலுக்குப் போகணும்னா நடுப்பாதையில முழு நீளத்துக்கும் நடக்கணும். அவன் மூஞ்சி பெருசா ஸ்க்ரீன்ல இருக்கு, அதே மூஞ்சி கீழ நடந்து போவுது. சனம் ஸ்க்ரீனப் பாக்கு, அவனப் பாக்கு, சிரிக்கு. அவன் அதே கட்டம் போட்ட சட்டையத்தான் போட்டிருந்தான், நல்ல சட்டை அது ஒண்ணுதான் போல. அந்த நேரம் இவ என்ன செஞ்சா தெரியுமா? எந்திரிச்சு ஓடிப் போய் ஸ்க்ரீன் மெசினோட வயரைப் புடுங்கிட்டா. எல்லாரும் பாத்தாவ. அதோட எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, தப்புப் பண்ணினது இவதான்னு. சும்மா இருந்திருந்தா கரண்டு கோளாறுன்னு கூடச் சொல்லியிருக்கலாம். புத்தி இருந்தா வயரைப் புடுங்குவாளா?

அழிஞ்ச போட்டோ அழிஞ்சதுதான். திரும்ப எடுக்க வழி கிடையாது. நூத்தி நாப்பத்தாறு வீட்டுக்கும் போன் போட்டு இன்னொரு தடவை கேக்கணும். திட்டாத ஆள் இல்லை.

இன்னைக்கு விசாரணை. செக்ரட்டரி ஆவுடையப்பன், இன்னும் நாலு கமிட்டிக்காரங்க. நானும் அவளும் எதுத்தாப்ல உக்காந்திருக்கோம். அவ மடியில ஒரு பை. பைக்குள்ள ரெக்கார்டு நோட்டு. அட்டை வெளியே தெரியுது, எங்க சென்டர் பேரு போட்ட அட்டை. பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி, என் கண்ணு அதை விட்டு நகரலை. அந்தச் சிவப்பு மை அதுலதான இருக்கு. அவ எடுத்து மேசையில போட்டா என்ன சொல்லணும்னு நான் வீட்டுலயே தயார் பண்ணி வச்சிருந்தேன். 'அது வகுப்புப் பயிற்சி, இது நிஜ வேலை, ரெண்டும் ஒண்ணா'ன்னு கேக்கணும். நல்ல பதில்லா? மூணு தடவை சொல்லிப் பாத்துட்டுத்தான் போனேன்.

செக்ரட்டரி முதல்ல என்னைத்தான் கேட்டாரு. நான் சொன்னேன், 'பாடம் சரியாத்தான் நடத்தியிருக்கேன் சார், கவனக் குறைவு'ன்னு. யாரோட கவனக் குறைவுன்னு நான் சொல்லலை. நல்லாக் கவனிச்சுக்கிடுங்க, நான் சொல்லலை. அவியளா அவளைத் திரும்பிப் பாத்தாவ. 'நீ என்னம்மா சொல்லுத'ன்னு கேட்டாவ.

அவ பைக்குள்ள கைய விட்டா. நான் தயார் பண்ணின பதிலைச் சொல்ல வாயத் தொறந்துட்டேன். கைக்குட்டைய எடுத்தா. மூஞ்சியத் துடைச்சா. 'எழுதினது நான்தான் சார். போட்டோவுக்கு நம்பர் வச்சிருக்கணும், வைக்கலை. என் தப்புதான்'னு சொல்லிட்டா. அவ்வளவுதான். நோட்டை எடுக்கலை. என் பேரை எடுக்கலை. எங்கிட்ட படிச்சேன்னு கூட ஒரு வார்த்தை சொல்லலை. திங்கக்கிழமையில இருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாவ. எனக்கு டீ வாங்கிக் குடுத்தாவ. பொறவுதான் செக்ரட்டரி தனியாக் கூப்பிட்டு அந்த ரெண்டு வரி பேச்சு. 'அந்தப் பொண்ணு எதையோ முழுங்குது சார். உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா எழுதிக் குடுங்க, திங்கக்கிழமை வரைக்கும் அந்த இடத்துக்கு வேற ஆள் போட மாட்டேன்'னு.

கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க. நோட்டு கையில இருக்கு. எடுத்துப் போட வேண்டியதுதான? போட்டா நான் பதில் சொல்லியிருப்பேன். அவளும் பேசுவா, நானும் பேசுவேன், கமிட்டி முடிவு பண்ணட்டும், கணக்கு தீந்துரும். இவ என்ன செஞ்சா, வாய மூடிக்கிட்டு பழிய எல்லாம் தூக்கித் தன் தலையில வச்சுக்கிட்டா. எனக்கு அவ பிச்சை போடுதாளா? பதினாறு வருசம் இந்த ஊருக்கே சொல்லிக் குடுத்தவனுக்கு, நேத்து வந்தவ பிச்சை போடுதா. என்னால சகிக்க முடியலை.

படிக்கட்டுல இறங்கும்போது புடிச்சுக் கேட்டேன், 'ஏன் நோட்டைக் காட்டலை'ன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? 'காட்டினா நீங்க ஏதாவது சொல்லுவிய சார். நான் ஏதாவது சொல்லுவேன். அங்க உக்காந்து யாரும் முப்பிடாதி அண்ணனைப் பத்திப் பேச மாட்டாவ'ன்னு. அந்த மனுசன் அன்னையில இருந்து கடையத் தொறக்கலையாம். அக்காக்காரி இவளுக்கு போன் பண்ணி அழுதிருக்கா. 'தேவர்குளத்துல இறங்கி அவுக வீட்டுக்குப் போறேன். நேருல மன்னிப்புக் கேக்கணும். நீங்களும் வாங்க சார், நாம ரெண்டு பேரும்தான் அன்னைக்கு அங்க உக்காந்திருந்தோம்'னு கூப்பிடுதா. அந்த ரெண்டு வரியப் பத்தி மூச்சே விடலை. அவளுக்குத் தெரியும், ஆபீஸ்ல பியூன் சொல்லியிருப்பான். தெரிஞ்சும் கேக்கலை. ஒரு வார்த்தை, 'சார் எழுதிக் குடுங்க'ன்னு கேட்டாக் கூட எனக்கு ஆறியிருக்கும். எங்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு வச்சிருக்கா.

நான் நேரா வந்து பஸ் ஏறிட்டேன். அவளும் ஏறினா. நீங்க போன்ல மும்முரமா இருந்திய, கவனிச்சிருக்க மாட்டிய, கண்டக்டர் வந்து எங்கிட்ட ஒரு டிக்கெட்ட நீட்டினாரு, 'முன்னால இருக்க அம்மா உங்களுக்கும் சேத்து எடுத்தாச்சு'ன்னு. தேவர்குளம். இந்தா, பாக்கெட்ல கெடக்கு. கேட்டாளா என்னைய? என் டிக்கெட்ட எடுக்க இவ யாரு?

போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நான் அந்த வீட்டு வாசல்ல போய் நின்னா, அவன் என்னையப் பாப்பான். நீ யாருன்னு கேப்பான். வாத்தியார்னு சொல்லணும். வாத்தியார் எதுக்கு வந்திருக்கீருன்னு கேப்பான். என்ன சொல்ல? அடுத்தவன் புள்ளைக்குப் பேரு மாத்தக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தேன்னு சொல்லவா? அவன் காயில் கட்டுதவன் அண்ணாச்சி, அவனுக்கு ஒன்பதாவது பாடம் புரியுமா? ஒரு வயர மாத்திச் சுத்தினா மோட்டார் எரிஞ்சிரும்னு தெரியும், அவ்வளவுதான். அங்க போய்த் தலையக் குனிஞ்சா, பொறவு அந்த ரெண்டு வரியையும் எழுதித்தான் குடுக்கணும். அது முடிஞ்சா நோட்ஸ மாத்தணும். அதை மாத்தினா, இதுவரைக்கும் எழுநூறு பேருக்கு மேல சொல்லிக் குடுத்திருக்கேன், அவன்லாம் என்ன நினைப்பான்? எத்தனை ஊருல, எத்தனை பாரத்துல, எத்தனை போட்டோ ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கெடக்குன்னு நான் போய் எண்ணிக்கிட்டு இருக்கவா? என்னால முடியாது. தப்பே இல்லாத ஒண்ணுக்கு ஒரு மனுசன் எவ்வளவுதான் குனியுறது?

என்ன, ஊரு வந்துட்டா? தேவர்குளம்தான் போல. அந்தா, எந்திரிச்சிட்டா. பாருங்க, பின்னால திரும்பிக் கூடப் பாக்கலை. படியில கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கா. இறங்க வேண்டியதுதான? எதுக்கு நிக்கா? கூப்பிடவும் மாட்டாளாம், போகவும் மாட்டாளாம். டிரைவர் என்ன, வண்டிய எடுக்காம உக்காந்திருக்காரு. எல்லாரும் சேந்து நாடகம் நடத்துதாவ.

என்ன கண்டக்டர் சார்? எனக்கா? இல்ல, நான் இங்கன இறங்கலை. எந்த அம்மா? எனக்கு அந்த அம்மாவ யாருன்னே தெரியாது, நீங்க ஆள் மாறிக் குடுத்துட்டிய. இந்தாங்க, சங்கரன்கோவிலுக்கு ஒண்ணு குடுங்க. விசிலக் குடுங்க சார், நேரம் ஆவுதுல்லா.

அப்பாடா, இறங்கிட்டா. போகட்டும். எங்க விட்டேன்? ஆங், நோட்ஸு. அண்ணாச்சி, நீங்க என்ன எந்திரிச்சிட்டிய? உங்களுக்கும் சங்கரன்கோவில்தான, இன்னும் எவ்வளவோ தூரம் கெடக்கே. வெயிலா? இங்க எங்க வெயில் அடிக்கு? இல்ல, வழி விடுதேன், போங்க. முன்னால இடம் இருக்குன்னா போய் உக்காருங்க, எனக்கென்ன.